கன்ரீன் அக்கா நடித்த பேய்ப்படம்

இரண்டு இரும்புத் தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், சட்டத்தில் சிவப்பு மையால் ‘வரிசையில் நில்’ என்று இரண்டே சொற்கள். இருபுறமும் வேலியில்லை, மதிலில்லை. மன்னார்ப் பாலத்துக்குக் கிட்ட, மழையில்லாத மாதங்களில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் தரவை வெளியில் அந்த வாசல் தனியாக நின்றது. அதைத் தாண்டிப் போக விரும்பினால் எந்தப் பக்கத்தாலும் போகலாம். இருந்தும் படப்பிடிப்புக்கு வந்த அத்தனை பேரும் அந்த இரண்டு தூண்களுக்கு நடுவாலேதான் நடந்தார்கள். ஊர்க் கழுதைகள்கூட ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள்ளால் போயின. எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த கன்ரீன் அக்கா மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைச் சுற்றி, வெளிப்பக்கத்தால் வந்தார். சைக்கிளின் பின்னால் அவருடைய பத்து வயது மகள் இருந்தாள். “ஏனக்கா சுத்தி வாறீங்கள்? வாசல் திறந்துதானே கிடக்கு” என்று நான் பகிடியாகக் கேட்டேன். “வரிசையில நிண்டது எனக்குக் காணும் தம்பி, போதும்” என்றார். காற்றில் வாழையிலை வாசம் வந்தது. பசியில் நான் அந்தப் பதிலைப் பற்றி யோசிக்கவில்லை.

அப்போது போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தேன். திருமணம், முதல் நன்மை, சாமத்தியவீடு என்கிற பூப்பு விழா, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புகிற செத்தவீட்டு வீடியோ, எல்லாம் நான்தான். என் நண்பன் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மானி பார்த்துக் குறிக்கும் வேலை செய்தான். ஒருநாள் அவன் ஸ்ரூடியோவுக்கு வந்து, கசங்கிய தாள்கள் பதினைந்தை மேசையில் வைத்து, “மச்சான், இதை ஒரு குறும்படமாக்கோணும். கொழும்பில ஒரு போட்டி இருக்கு” என்றான். நான் அன்றுவரை அழாத மணமகளையும் சிரிக்காத மாப்பிள்ளையையும் தவிர வேறெதையும் இயக்கியதில்லை. ஆனாலும் அந்தத் தாள்களை ஒரே மூச்சில் வாசித்தேன்.

கதை வருங்காலத்தில் நடந்தது. மழை நின்றுபோயிருக்கும். கடல் ஏறிப் பாலத்தை விழுங்கியிருக்கும். தீவில் மிஞ்சிய சனத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஓரிடம்தான் இருக்கும். அங்கே தண்ணீருக்குக் காசு வாங்கமாட்டார்கள், நினைவை வாங்குவார்கள். வரிசையில் வந்தவர் ஒலிவாங்கியின் முன்னால் நின்று தன்னுடைய நினைவொன்றை முழுதாகச் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் அது அவரிடமிருந்து அழிந்துவிடும், அவர் கொண்டுவந்த தண்ணீர்க் கான் நிரம்பும். எல்லா நினைவும் தீர்ந்தவர்கள் உப்பு மனிதர்களாகித் தரவையில் நிற்பார்கள். இன்னும் நினைவு மிச்சமிருக்கிறவர்களை மோப்பம் பிடித்துத் தேடி வருவார்கள். கதாநாயகி ஒரு தாய். அவளிடம் ஒரேயொரு நினைவு மிஞ்சியிருக்கிறது. பிள்ளைக்குத் தாகம். அவள் அதைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கிவிட்டு, பிள்ளையின் கண் முன்னாலேயே உப்பாகிப் போகிறாள்.

வாசலைச் செய்து தந்தவர் சிலாவத்துறைக்காரர். அங்கே உழவு இயந்திரங்களுக்கு ஒட்டுவேலை செய்கிற பட்டறை வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் நாங்களும் வெல்டிங் நானா என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பியவர். கதையைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். “தம்பி, இது நிவாரண வரிசைதானே. இதில பேய் எங்க?” என்று கேட்டார். நண்பன் கொஞ்சம் வாடிப்போனான். ஆனால் நானா அடுத்த கிழமையே பழைய பெட்டித் தகடுகளால் ஒரு கவுண்டரும், பிளாஸ்ரிக் குழாய்களால் நினைவை உறிஞ்சுகிற யந்திரமும் செய்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

பேய்ப்படம் என்றால் இருட்டு வேண்டும், மழை வேண்டும், கதவு கிறீச்சிட வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களிடம் விளக்குகள் இல்லை, வாடகைக்கு எடுக்க வழியும் இல்லை. அதனால் நண்பன் முழுப் படத்தையும் உச்சிவெயிலில் எடுப்பதென்று தீர்மானித்தான். அது எவ்வளவு சரியென்று முதல்நாளே தெரிந்துவிட்டது. நிழலே இல்லாத இடத்தில், வெள்ளைத் தரையில், வெளிறிய வானத்தின் கீழே, அசையாமல் நிற்கிற ஒரு மனிதனைத் தூரத்திலிருந்து பார்த்தால் அது உயிருள்ளதா என்றே சந்தேகம் வரும். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெளிச்சம் இருட்டைவிடப் பயமானது. உப்பு மனிதர்களாக நடிக்கப் பேசாலையிலிருந்து என் சினேகிதர்கள் ஆறு பேர் வந்தார்கள். கோதுமை மாவையும் கல்லுப்பையும் கஞ்சியில் குழைத்து அவர்களுடைய முகத்திலும் கையிலும் பூசினோம். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று அதைப் பத்து நிமிடத்தில் காயவைத்தது. காய்ந்ததும் வாய் திறக்கிற இடத்திலும் கண்ணோரத்திலும் வெடித்துப் பொருக்காக உதிர்ந்தது. எந்தப் பெரிய ஒப்பனைக்காரரும் அப்படிச் செய்திருக்க முடியாது. கஷ்டம் என்னவென்றால், ஒருவன் தும்மினால் எல்லோருக்கும் மறுபடி பூசவேண்டும்.

தாயாக நடிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம்பெண் வருவதாக இருந்தது. மேடை நாடகங்களில் நடித்த அனுபவம் உள்ளவள். இரண்டாம் நாள் காலையில், வீட்டில் விடவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். நண்பன் தரையில் குந்திவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பூசிய உப்பு உதிர்ந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் மறுநாள் கடலுக்குப் போகவேண்டியவர்கள். அந்த நேரம்தான் கன்ரீன் அக்கா பார்சல்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். நண்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு அவருடைய மகளைப் பார்த்தான்.

அக்கா நானாட்டான் ஊர்ப் பக்கத்து ஆள். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் இழுபட்டுப் போய், மகளோடு மட்டும் திரும்பி வந்தவர். அவருடைய கணவர் உழவு இயந்திரச் சாரதி என்பதும், கடைசி நாட்களில் காணாமற்போனார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்னக் கன்ரீன் நடத்தி, ரோல்ஸும் தேநீரும் மத்தியானச் சாப்பாடும் விற்றார். நடிப்பு என்றதும் சிரித்தார். “என்ர முகத்தைப் பாத்தா ஆருக்கும் பயம் வராது தம்பி, பசிதான் வரும்.” நண்பன் விடவில்லை. “நீங்கள் நடிக்கவேண்டாம் அக்கா. வரிசையில நிண்டு, இதில எழுதியிருக்கிறதை மைக்கில சொன்னால் காணும்.” மகள் ஓடிவந்து அவருடைய சீலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நானும் படத்தில வருவன், ஓமெண்டு சொல்லுங்கோ.” அக்கா ஓமென்று சொன்னது மகளுக்காகத்தான்.

வரிசைக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளில் கடற்படையினர் இருவர் வந்தார்கள். தரவையில் திடீரென்று முளைத்த வாசலையும், வெள்ளைப் பூச்சோடு நிற்கிற ஆறு பேரையும் கண்டால் யாரும் வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். எங்களிடம் கிராம சேவையாளரின் கடிதம் இருந்தது. நானா புத்தளத்துச் சிங்களத்தில், இது சினிமா, இவர்கள் பேய்கள், இவர் இயக்குநர் என்று விளக்கினார். இருவரும் சின்னப் பொடியன்கள். ஒருவன் உப்பு மனிதனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். மற்றவன் ஆறு பேரையும் நிற்கவைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டான். போகும்போது கையசைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்த்துக் கால்மணி நேரம் இருக்காது. அதன்பிறகு அக்காவைத் தேடினோம், காணவில்லை. உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால், சில்லோடு சில்லாக, மகளைத் தன் சீலைத் தலைப்புக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவை போயிட்டினம் அக்கா” என்றேன். எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு, “அடுத்து என்ன செய்யோணும்?” என்று கேட்டார்.

அடுத்து எடுக்க இருந்தது கவுண்டர்க் காட்சி. தகட்டுக் கவுண்டருக்குப் பின்னால் நினைவைப் பதிகிற கிளாக்கர் வேடத்தில் நண்பனே இருந்தான். ஒலிவாங்கி, பங்குத்தந்தை பிரசங்கத்துக்குப் பாவித்துக் கழித்துவிட்ட பழையது. ஆனால் ஒலி நன்றாகவே பதிவானது. காற்று இரைந்துகொண்டிருந்ததால் நான் காதுகளை இறுக்கி மூடும் ஹெட்போன் போட்டுக்கொண்டு, கமெராவுக்குப் பின்னால் நின்றேன். நானா மகளைத் தூரத்தில், பெட்டியின் நிழலில் வைத்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிக்குப் பிள்ளை தேவையில்லை.

“உங்களிட்ட மிச்சமிருக்கிற நினைவு?” என்று நண்பன் கிளாக்கர் குரலில் கேட்டான்.

தாளில் எழுதியிருந்தது ஒரு மழைநாளைப் பற்றியது. அழகான வசனம். அக்கா அதைக் காலையிலிருந்து பாடமாக்கியிருந்தார். “ஒரு மழைநாள்” என்று தொடங்கினார். நிறுத்தினார். கையிலிருந்த வெறும் கானைப் பார்த்தார். வசனம் மறந்துபோய்விட்டது என்று நினைத்து நான் கமெராவை நிறுத்தக் கை வைத்தேன். அப்போது ஹெட்போனுக்குள் அவருடைய குரல், சாதாரணமாகப் பேசுகிற குரல், கேட்டது.

“அவர் தண்ணி கேட்டவர். அரைப் போத்தல் இருந்தது. ரெண்டு நாளா வைச்சிருந்தனான். பிள்ளைக்கு வேணும் எண்டு சொல்லிப்போட்டன். அவர் ‘சரி, வை’ எண்டார். கோவிக்கேல்லை. பிறகு ஆமிக்காரர் ஆம்பிளையளைத் தனியா வரச்சொல்லி பஸ்ஸில ஏத்தினவை. பதிஞ்சுபோட்டு விடுவினம் எண்டு சொன்னவை. அவர் ஏறி யன்னலால பாத்தவர். தாகத்தில சொண்டெல்லாம் வெடிச்சிருந்தது. நான் அப்பவும் போத்தலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். பஸ் போனபிறகு பிள்ளை முழுக்கக் குடிச்சது. அவ்வளவுதான்.”

நண்பன் தன் அடுத்த வசனத்தைத் தவறவிட்டான். அக்காவின் வாய் ஓய்ந்ததைத் தூரத்திலிருந்து கண்ட நானா, திட்டப்படி பெட்டியிலிருந்த தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் திறந்துவிட, கானுக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. அது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிற சத்தமும் பதிவானது. அக்கா கான் நிரம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கமெராப் பக்கம் திரும்பி, “பிழைச்சுப்போச்சு, என்ன?” என்றார்.

நண்பன் கவுண்டரைச் சுற்றி ஓடி வந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு படம் எடுக்கிறவன் வாழ்நாள் முழுவதும் காத்திருக்கிற ஒரு நிமிடம் அவனுக்கு முதல் படத்திலேயே கிடைத்துவிட்டது. “அக்கா, இதுதான் படம். நான் எழுதினது ஒண்டும் வேண்டாம்” என்றான்.

“அதை அழியுங்கோ தம்பி” என்றார் அக்கா. நண்பனிடம் இல்லை, என்னிடம்.

நண்பன் கெஞ்சினான். முகத்தை மறைத்துவிடலாம், குரலை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான்.

“குரலை மாத்தினா கதை மாறுமோ?” என்று அக்கா கேட்டார். பிறகு பெட்டியின் நிழல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவளுக்குத் தெரியாது. தான் குடிச்ச தண்ணியாலதான் தகப்பனுக்கு இல்லாமப் போனது எண்டு நினைப்பாள். பிள்ளை அப்பிடி வளரக்கூடாது.”

நானாவுக்கு அக்கா சொன்னது எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அவர் வந்து எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தார். “அது அமானிதம்” என்றார். நம்பி ஒப்படைத்த பொருளை முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள். “அவட பொருள். கேக்கிறா, குடுத்திருங்க.” நான் கமெராவின் சின்னத் திரையில் அந்தப் பதிவைத் தெரிவுசெய்து, அக்காவின் கையிலேயே கொடுத்தேன். எந்தப் பொத்தானை அமத்தவேண்டும் என்று காட்டினேன். அழிக்கவா என்று கமெரா கேட்டது. அக்கா அமத்தினார். அரைப் போத்தல் தண்ணீரும் பஸ்ஸும் யன்னலும் ஒரு நொடியில் இல்லாமற்போயின.

அக்காதான் மறுபடி எடுப்போம் என்று சொன்னார். கானில் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். நண்பன் அதே கேள்வியைக் கேட்டான். அக்கா ஒலிவாங்கியைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. மெல்லத் தலையை ஆட்டினார். வெறும் கானைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை. தாய் உப்பாகவேண்டிய கதை அந்த இடத்தில் வேறு கதையாகிவிட்டது. நண்பன் நிறுத்து என்று கத்துவான் என்று எதிர்பார்த்தேன், அவன் கத்தவில்லை. அக்கா நடந்து போய்ச் சின்னப் புள்ளியாகும்வரை நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிபோல எல்லோரும் சாமான்களை ஏற்றத் தொடங்கினார்கள். அக்கா மகளோடு போய்விட்டார். நண்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “மச்சான், கமெரா கார்ட்டைத் தா” என்றான். எனக்கு விளங்கியது. அழித்த பதிவு உண்மையில் உடனே அழிவதில்லை. அதன் மேல் வேறொன்று பதியும்வரை உள்ளேதான் கிடக்கும். மணமக்கள் வீட்டார் தவறுதலாக அழித்த படங்களை நானே எத்தனையோ தடவை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அது நண்பனுக்கும் தெரியும். “போட்டிக்கு மட்டும்தான். இஞ்ச ஒருத்தரும் பாக்கமாட்டினம். உனக்கு விளங்கேல்லையோ, இது அக்காவிட கதை மட்டுமில்லை. இது எங்கட எல்லாருக்கும் நடந்தது. உலகம் பாக்கவேண்டாமோ?”

அவன் சொன்னது பொய்யில்லை. இன்றுவரை அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. பேசாமல் விட்ட எத்தனையோ விஷயங்கள் ஒருவருக்கும் தெரியாமலே போய்விட்டன. அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கிற எவரும் பிறகு பழைய ஆளாக எழும்பிப் போயிருக்கமாட்டார்கள். எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. திருமண வீடியோக்காரன் என்ற பெயர் போய்ப் படமெடுக்கிறவன் என்ற பெயர் வந்திருக்கும். கார்ட் கமெராவுக்குள்ளேயே இருந்தது. நான் கமெராவைத் திரும்பவும் முக்காலியில் பூட்டினேன். ஆளில்லாத தரவையை நோக்கித் திருப்பி, பதிவுப் பொத்தானை அமத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“என்னடா செய்யிறாய்?” என்று நண்பன் கேட்டான். பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது. என் கையைத் தட்டிவிட்டு கமெராவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்விட்டான். கார்ட் நிரம்ப ஐம்பது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் கமெரா ஒன்றுமில்லாததைப் படமெடுத்தது. வெள்ளைத் தரை, அதன் மேல் கானல், அவ்வப்போது காற்றில் எழும்பி விழுகிற தூசி. ஒருமுறை இரண்டு கழுதைகள் இடப்பக்கத்தால் நுழைந்து வலப்பக்கத்தால் போயின. நானா உழவு இயந்திரத்தில் இருந்தபடி எனக்காகக் காத்திருந்தார். கார்ட் நிரம்பிவிட்டது என்று திரையில் வந்ததும், “போவமா?” என்று மட்டும் கேட்டார்.

நண்பன் என்னோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. வெட்டித் தொகுக்கிற வேலையை நான் தனியாகச் செய்தேன். முடிவில் என்ன வைப்பதென்று தெரியவில்லை. அக்கா புள்ளியாக மறைந்த பிறகு படத்துக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. கடைசியில் அந்த வெறும் தரவையிலிருந்தே இரண்டு நிமிடம் எடுத்து வைத்தேன். ஒரு நாள் நண்பன் தானாகவே ஸ்ரூடியோவுக்கு வந்தான். படத்தைப் பார்த்தான். முடிந்ததும், “அந்தக் கடைசி ஷொட் எங்க எடுத்தனி?” என்று கேட்டான். அவன் தலையைக் குனிந்து, மேசையில் இருந்த என்னுடைய தேநீரை எடுத்துக் குடித்தான். அதோடு கோபம் முடிந்தது.

போட்டியில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முடிவு விளங்கவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகு, பங்குக் கோவில் மண்டபத்தின் யன்னல்களைப் பாய்களால் மறைத்து ஊருக்கு ஒருமுறை காட்டினோம். சிலாவத்துறையிலிருந்து நானாவின் குடும்பம் முழுதும் வந்திருந்தது. உப்பு மனிதர்கள் வந்ததும் சனம் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தது. “அங்கபார், எங்கட சம்மாட்டியாற்ர மகன்!” கவுண்டர்க் காட்சியில் அக்கா வாயைத் திறக்காமல் நின்றபோது அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் சத்தமாக, “சொல்லாதை பிள்ளை, சொல்லாதை” என்றார். அதைவிடப் பெரிய பரிசு எந்த மேடையில் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் தன் முகம் திரையில் வந்த ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள்.

பிறகு வருடங்கள் போயின. நண்பன் மத்திய கிழக்குக்குப் போனான். இப்போதும் தொலைபேசியில் புதுக்கதை சொல்வான். நானாவின் பட்டறையை அவருடைய மருமகன் பார்க்கிறார். தீவில் பெரிய காற்றாலைகள் வந்துவிட்டன. என்னுடைய ஸ்ரூடியோவில் பறக்கும் கமெரா இருக்கிறது, அழைப்பிதழும் அச்சடிக்கிறேன். அந்தப் படத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் அழித்த அந்த நிமிடம் எனக்குள் அழியவில்லை. ஹெட்போன் போட்டுக் கேட்டதாலோ என்னவோ, அந்தக் குரல் என் மண்டைக்குள்ளேயே பேசியதுபோல ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. சில திருமண வீடுகளில், மாப்பிள்ளைக்குத் தண்ணீர்க் கிளாஸ் நீட்டுகிற காட்சியை எடுக்கும்போது என் கை ஒரு கணம் நிற்கும்.

போன வருடம் ஒரு நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, கன்ரீன் அக்கா மகளோடு ஸ்ரூடியோவுக்கு வந்தார். மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவில். அழைப்பிதழுக்கு எழுதிக்கொண்டு வந்த தாளை மேசையில் வைத்தார். அதில் மகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, மறுபடி வெட்டியிருந்தது. “இதில ரெண்டு பேருக்கும் சண்டை” என்றார் அக்கா. மகள் என்னைப் பார்த்து, “அண்ணா, என்ன நடந்தது எண்டு தெரியாம நான் எப்பிடி அந்தச் சொல்லைப் போடுறது?” என்று கேட்டாள். சின்னப் பிள்ளையாகக் கைதட்டியவள் இப்போது தாயைவிட உயரமாக இருந்தாள்.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்தார். “தம்பி, அண்டைக்குத் தரவையில நான் ஒண்டு சொன்னனான். ஞாபகம் இருக்கோ?”

“இருக்கக்கா.”

“அது இப்ப உங்களிட்ட இல்லை என்ன? படத்தில.”

“இல்லை. அண்டைக்கே இல்லாமச் செய்திட்டன்.”

“எனக்குத் தெரியும். நீங்கள் அதில இருந்து வெறும் தரவையைப் படமெடுத்ததை நானா பிறகு எனக்குச் சொன்னவர்.” மகள் பக்கம் கையைக் காட்டினார். “இவள் அடுத்த மாசம் போயிடுவாள். அதுக்கு முதல் தெரியோணும். எத்தினையோ நாள் தொடங்கிப் பாத்திட்டன், வாய் வருகுதில்லை. ஒருக்காத்தான் வந்தது, அதோட சரி. நீங்கள் கேட்டனீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ.”

என் வாழ்க்கையில் எவ்வளவோ பேரைக் கமெராவுக்கு முன்னால் பேசவைத்திருக்கிறேன். அன்று நான் பேசவேண்டி வந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அரைப் போத்தலை, ‘சரி, வை’ என்றதை, பஸ்ஸை, யன்னலை, வெடித்த உதடுகளை, பஸ் போன பிறகு பிள்ளை முழுக்கக் குடித்ததைச் சொன்னேன். அக்கா மகளைப் பார்க்கவில்லை. மேசையின் கண்ணாடிக்குக் கீழே இருந்த அழைப்பிதழ் மாதிரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் எதற்குப் பயந்தாரோ அது வரப்போகிறதென்று அவருடைய தோள்கள் காத்திருந்தன.

மகள் அழவில்லை. புருவத்தைச் சுருக்கி, எதையோ தேடுகிறவள்போல இருந்தாள். பிறகு, “இல்லையம்மா” என்றாள். “அப்பா குடிச்சவர்.”

அக்கா நிமிர்ந்தார்.

“பஸ் வாறதுக்கு முதல் நான் குடுத்தனான். நீங்கள் அங்கால திரும்பி மூட்டை கட்டிக்கொண்டு நிண்டனீங்கள். போத்தலை என்ர மடியில வைச்சிட்டுக் கட்டினீங்கள். நான் மூடியைக் கழட்டி மூடியில ஊத்திக் குடுத்தனான். அப்பா ‘அம்மாக்குச் சொல்லாதை’ எண்டு சொல்லிப்போட்டுக் குடிச்சவர். அதுதான் நான் சொல்லேல்லை.”

ஆறு வயதில் நடந்த ஒன்று அப்படியே நினைவில் இருக்குமா, அல்லது தாயின் முகத்தைப் பார்த்த அந்த நொடியில் ஒரு மகளுக்குள் அது பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அவளுடைய கண்ணைப் பார்த்தேன். இருபது வருடமாக முகங்களைப் படமெடுக்கிறவன் நான். எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

“எத்தினை மூடி?” என்று அக்கா கேட்டார்.

“ரெண்டு. ரெண்டாவதில கொஞ்சம் சிந்திப்போச்சு.”

அக்கா தன் உள்ளங்கையைக் குழித்து, அதற்குள் இரண்டு மூடித் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். மகள் எழும்பி வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று, தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். வெளியே பஸ் ஒன்று தலைமன்னார்ப் பக்கம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“தம்பி” என்றார் அக்கா, என்னை நிமிர்ந்து பார்க்காமலே. “அண்டைக்கு நான் சொன்னதில இது இல்லை என்ன?”

“இல்லை அக்கா.”

“அப்ப அது அழிஞ்சது நல்லது. நான் பிழையான கதையல்லோ சொன்னனான்.”

பிறகு கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளைக் கிட்ட இழுத்து, பேனையைக் கேட்டார். கணவரின் பெயரை மட்டும், முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல், புதிதாகத் தெளிவாக எழுதினார். நான் பிழையாக அச்சடித்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார்.